பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் ஒரே பட்டியல் போதாது

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகனுக்கு 16, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். மகள் ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு புத்தகங்களையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். வேறு எதைக் கொடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறாள். மகன் சின்ன வயதில் நிறையப் படித்தவன். இப்போது பாடப்புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை, கால்பந்தும் கைபேசியும்தான். விடுமுறைக்கென்று பள்ளியில் கொடுத்த பட்டியலை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவருக்கும் பொருந்தும்படி, நல்ல கருத்துள்ள பத்துக் கதைப் புத்தகங்களைச் சொல்ல முடியுமா? தினம் இத்தனை பக்கம் என்று விதி வைக்கலாமா? மரணம், வன்முறை வரும் கதைகளை அனுமதிக்கலாமா? நான் படித்துப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டுமா?
ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பள்ளி நூலகத்தில் இந்த இரண்டு வயதுப் பிள்ளைகளோடும் நாள்தோறும் பழகுகிறவள் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருவருக்கும் பொதுவாகப் பத்துப் புத்தகங்களை நான் எழுதிக் கொடுத்தால், அந்தப் பட்டியலுக்கும் பள்ளிப் பட்டியலுக்கு நேர்ந்த கதியே நேரும். அவர்களுக்கு இடையில் இருப்பது நான்கே வயதுதான் என்றாலும், கதையிடம் அவர்கள் எதிர்பார்ப்பது முற்றிலும் வேறு. பத்திலிருந்து பதின்மூன்று வரையிலான பிள்ளைகளுக்கு எழுதப்படும் கதைகளில் நாயகன் அல்லது நாயகி வீட்டைவிட்டு வெளியே போய், ஆபத்தில் சிக்கி, நண்பர்களின் துணையோடு மீண்டு வீடு திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். உலகம் எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கும். பதினாறு வயதினரின் கதைகளில் அந்த வீடே கேள்விக்கு உள்ளாகிறது. அப்பா சொன்னது சரியா, நான் யார் பக்கம், எனக்கு நேர்ந்த அநியாயத்துக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்பவைதாம் அங்கே கதையை நகர்த்துகின்றன. இதற்கு மேல், பிள்ளைகள் தங்களைவிட ஓரிரு வயது மூத்த பாத்திரங்களைப் பற்றி வாசிக்கத்தான் விரும்புவார்கள். தம்மைவிட இளையவர்களின் கதையைக் கையில் கொடுத்தால், அட்டையைப் பார்த்ததுமே 'இது குழந்தைகள் புத்தகம்' என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே இருவரையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மகள். அவள் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் குறையாகக் கருதவில்லை. பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான டேனியல் பென்னாக், 1992இல் வெளியிட்ட நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டென்று வரிசைப்படுத்தினார். பாதியில் நிறுத்தும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை ஆகியவற்றோடு, மறுபடி வாசிக்கும் உரிமையும் அதில் உண்டு. கதை முடிவு தெரிந்த பிறகும் ஒரு பிள்ளை அதே புத்தகத்துக்குத் திரும்புகிறாள் என்றால், முடிவைத் தவிர வேறு ஏதோ ஒன்று அவளுக்கு அங்கே கிடைக்கிறது என்று பொருள். அது என்னவென்று தெரிந்துகொண்டால் அடுத்த புத்தகம் தானாகவே அகப்பட்டுவிடும். "ஏன் இதையே படிக்கிறாய்?" என்று கேட்டால் அது கண்டிப்பாகத்தான் அவள் காதில் விழும். "எந்த இடம் வந்ததும் மெதுவாகப் படிப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். மந்திரப் பாடங்களும் அந்த உலகத்தின் விதிமுறைகளும் வரும் இடங்களா, மூன்று நண்பர்களும் சண்டை போட்டுச் சமாதானமாகும் இடங்களா, யார் குற்றவாளி என்று துப்புத் துலக்கும் இடங்களா என்பதில் அவள் எதைச் சொல்கிறாளோ அதற்கேற்ப வழி பிரிகிறது.

விதிமுறைகளோடு கூடிய மாய உலகம்தான் என்றால், அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' சரியான அடுத்த படி. மந்திரவாதிகளுக்கான பள்ளி என்ற எண்ணத்தை ஹாரி பாட்டருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே கதையாக்கிய நூல் அது. கெட் என்ற சிறுவன், தன் திறமையைக் காட்டிக்கொள்ளும் அகந்தையில் ஒரு நிழலை இந்த உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். மீதிக் கதை முழுவதும் அந்த நிழலிடமிருந்து ஓடுவதும், பிறகு அதையே தேடிப் போவதும்தான். தனியாக ஒரு வில்லன் கிடையாது என்பதே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புதிய அனுபவமாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: நடை சற்றுக் கனமானது, முதல் அத்தியாயம் மெதுவாகப் போகும். அதை மட்டும் நீங்கள் உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, இரண்டாவது அத்தியாயத்திலிருந்து அவளிடம் விட்டுவிடுங்கள்.

நான் அவளுக்கு முதலில் கொடுக்க விரும்புவது ஜெர்மானிய எழுத்தாளர் மிகேல் எண்டே 1973இல் எழுதிய 'மோமோ'. ஒரு நகரத்தின் ஓரத்தில், பாழடைந்த வட்டரங்கில், யாருமற்ற சிறுமி ஒருத்தி வசிக்கிறாள். அவளுக்கு மந்திரம் எதுவும் தெரியாது. பிறர் பேசுவதை முழுமனதோடு கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த நகரத்துக்குச் சாம்பல் நிற மனிதர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் ஃபூசி என்ற முடிதிருத்துபவரின் கடைக்குள் நுழைந்து, அவருடைய வாழ்நாளின் நொடிகளையெல்லாம் கண்ணாடியில் எழுதிக் கூட்டிக் கழிக்கிறான்: தூக்கத்துக்கு இத்தனை, சாப்பாட்டுக்கு இத்தனை, காது சரியாகக் கேட்காத வயதான அம்மாவின் அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்ததற்கு இத்தனை, ஊனமுற்ற ஒரு பெண்ணுக்குத் தினமும் பூ கொண்டுபோய்க் கொடுத்ததற்கு இத்தனை, எல்லாமே நஷ்டக் கணக்கு. அன்றிலிருந்து ஃபூசி நேரத்தை மிச்சம் பிடிக்கத் தொடங்குகிறார், அவருடைய வாழ்க்கை வறண்டுபோகிறது. விடுமுறையிலும் மணிக்கொரு வகுப்பு என்று ஓடும் பிள்ளைகள் இந்த இடத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வையை நான் நூலகத்தில் பார்த்திருக்கிறேன். கதையில் காசியோபியா என்ற ஆமையும் வருகிறது. அரைமணி நேரத்துக்குப் பின் நடக்கப்போவது அதற்கு முன்கூட்டியே தெரியும், சொல்ல வேண்டியதை ஓட்டின்மேல் எழுத்துகளாகக் காட்டும். அந்த ஆமைக்காகவே புத்தகத்தை இரண்டாம் முறை எடுப்பவர்கள் உண்டு.

நட்பும் பள்ளிக்கூடமும்தான் அவளை ஈர்க்கின்றன என்றால், ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்'. 1935இல் வெளிவந்த நூல். ஆனாலும் தேர்வு பயமும் கிரிக்கெட் குழு சேர்ப்பதில் உள்ள பெருமிதமும் இன்னும் பழசாகவில்லை. வேடிக்கைக் கதை என்று நினைத்துத் தொடங்கும் பிள்ளைகளை அதன் கடைசிப் பக்கங்கள் நிறுத்திவிடும். தன்னிடம் கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் ராஜம் ஊரைவிட்டே போகிறான். சுவாமி ரயில் நிலையத்துக்கு ஓடி, ஆண்டர்சனின் தேவதைக் கதைகள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க முயல்கிறான். ரயில் நகரத் தொடங்கிவிடுகிறது. நண்பன் தன்னை மன்னித்தானா இல்லையா என்பது சுவாமிக்குத் தெளிவாகத் தெரிவதே இல்லை. இந்த முடிவைப் பற்றி உங்கள் மகள் உங்களிடம் சண்டைக்கு வந்தால், புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆர்.ஜே. பலாசியோவின் 'வொண்டர்' இதே வகையில் பெரும்பாலோர் பரிந்துரைப்பது. முகம் வேறுபட்ட ஒரு சிறுவன் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் கதை. ஒரே நிகழ்ச்சியை அக்கா, நண்பன் என்று பலர் கண்ணால் சொல்லிப் போவதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

துப்பறிதல் என்றால் சத்யஜித் ராயின் ஃபெலூடா கதைகள். 1965இல் 'சந்தேஷ்' என்ற வங்கச் சிறுவர் இதழில் தொடங்கியவை. தமிழிலும் மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன. கதையைச் சொல்பவன் ஃபெலூடாவின் உறவுக்காரச் சிறுவன் என்பதால், வாசிக்கும் பிள்ளை துப்பறிபவரின் பக்கத்திலேயே நடந்து போகிற உணர்வு இருக்கும். முற்பிறவியில் தங்கக் கோட்டையைப் பார்த்ததாகச் சொல்லும் சிறுவனைப் பற்றிய 'சோனார் கெல்லா'விலிருந்து தொடங்கலாம்.

தமிழிலேயே எழுதப்பட்டவற்றில், கீழடியை மையமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' அவள் வயதுக்குப் பொருத்தமானது. 2023இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பனிமலையில் வாழ்வதாகச் சொல்லப்படும் மனிதனைத் தேடிப்போகும் ஜெயமோகனின் 'பனிமனிதன்' சாகசத்தோடு தொடங்கித் தத்துவத்தில் போய் முடிவது. கேள்வி கேட்கும் சுபாவமுள்ள பிள்ளைக்குக் கொடுக்கலாம். சிரிக்க வைக்க வேண்டுமானால், மலையாளத்திலிருந்து மொழிபெயர்ந்து வந்த வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டதல்ல, ஆனால் ஆளாளுக்குக் காசு கேட்டு நச்சரிக்கும் அந்தக் கூட்டுக் குடும்பமும், எழுத்தாளரின் புத்தகங்களையே மென்று தின்றுவிடும் அந்த ஆடும் பன்னிரண்டு வயதில்தான் அதிகமாகச் சிரிக்க வைக்கும் என்பது என் அனுபவம்.

இனி மகன். இவனைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள், நானும் இங்கேதான் நிதானமாகப் பேச விரும்புகிறேன். சின்ன வயதில் நிறைய வாசித்து, பதின்மூன்று பதினான்கில் நிறுத்திவிடும் பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், ஏராளம். அந்த வயதில் வாசிப்பு என்பது கேள்விக்குப் பதில் எழுதுவதற்கான வேலையாக மாறிவிடுகிறது. கூடவே, கையில் கொடுக்கப்படும் கதைகளும் திடீரென்று தடித்தும் உபதேசம் மிகுந்தும் விடுகின்றன. அவனுக்கு வாசிக்கத் தெரியாமல் போய்விடவில்லை, வாசித்து மகிழ்ந்த ஞாபகம்தான் மங்கிவிட்டது. ஆகவே அவனுக்குக் கொடுக்கும் முதல் புத்தகத்திடம் நான் எதிர்பார்ப்பவை இரண்டே: ஓரிரு நாளில் முடிய வேண்டும், முதல் பத்துப் பக்கங்களுக்குள் ஏதாவது நடந்துவிட வேண்டும். இலக்கியத் தரம், எழுத்தாளரின் புகழ், பாடத்துக்குப் பயன்படுமா என்பதையெல்லாம் மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றுவதில் லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்' போல இன்னொன்றை நான் கண்டதில்லை. 1998இல் வெளிவந்து, மறு ஆண்டு அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது. ஸ்டான்லி யெல்நாட்ஸ் என்ற சிறுவன், தான் செய்யாத காலணித் திருட்டுக்காக ஒரு சீர்திருத்த முகாமுக்கு அனுப்பப்படுகிறான். 'பசுமை ஏரி முகாம்' என்று பெயர். ஏரியும் இல்லை, பசுமையும் இல்லை. வெயிலில் காய்ந்த தரையில் ஒவ்வொரு பையனும் தினமும் ஐந்தடி ஆழம், ஐந்தடி அகலத்துக்கு ஒரு குழி தோண்ட வேண்டும். கையிலிருக்கும் மண்வெட்டியின் நீளமே அளவுகோல். குழி தோண்டினால் குணம் சீர்படும் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள், உண்மையில் அவர்கள் எதையோ தேடுகிறார்கள். இதற்கிடையில் நூறாண்டுக்கும் முந்திய இரண்டு கதைகள் ஊடே வந்து, கடைசியில் மூன்றும் ஒரே முடிச்சில் சேருகின்றன. அத்தியாயங்கள் மிகவும் சிறியவை. சில ஒரு பக்கத்தைத் தாண்டாது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத ஸீரோ என்ற பையனுக்கு ஸ்டான்லி எழுத்துக் கற்றுக்கொடுக்க, அவன் பதிலுக்கு ஸ்டான்லியின் குழியில் ஒரு பகுதியைத் தோண்டிக் கொடுக்கும் ஒப்பந்தம் வரும் இடத்தில், நட்பைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. உங்கள் மகனின் வயதுக்கு இது சற்று இளையது என்று நூலகப் பிரிவுகளில் போட்டிருப்பார்கள். விட்டுப்போன வாசிப்பைத் திரும்பத் தொடங்குகிறவனுக்கு அப்படி ஒரு படி கீழிருந்து தொடங்குவதுதான் நல்லது. நான்தான் கொடுத்தேன் என்று சொல்லாமல் மேசையில் வைத்துவிடுங்கள்.

விளையாட்டுப் பிரியன் என்பதால் க்வாமி அலெக்சாண்டரின் 'தி கிராஸ்ஓவர்' என்ற நூலையும் சொல்கிறேன். 2014இல் வந்த இந்தக் கதை முழுவதும் கவிதையில் எழுதப்பட்டது; கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்களையும் அவர்களுடைய அப்பாவையும் பற்றியது. கவிதை என்றதும் அவன் மிரள வேண்டியதில்லை. பக்கத்தில் பாதி வெற்றிடம், வரிகள் பந்து தட்டும் வேகத்தில் ஓடும். ஒரு மாலையில் முடித்துவிட்டு 'ஒரு புத்தகம் முடித்தேன்' என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். முடிவு துயரமானது என்பதை நீங்கள் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் அவனுக்கு முதலில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எதிர்காலச் சர்வாதிகார அரசு, காணாமல் போன கணவன், எல்லாவற்றையும் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்கும் ஜீனோ என்ற எந்திர நாய். வார இதழில் தொடராக வந்தது என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். தொடர்கதையாகப் பிறந்த நாவல்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அடுத்த வாரமும் வாசகரை இழுத்துவர வேண்டிய கட்டாயத்தில் எழுதப்பட்டவை ஆதலால், கவனம் சிதறும் வயதினருக்கு அவை இயல்பாகவே பொருந்துகின்றன. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1881-82இல் ஒரு சிறுவர் இதழில்தான் முதலில் வந்தது; கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஆனால் வாசிப்பை விட்டுப்போன பையனுக்கு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கிப் பரிசளிக்கும் உறவினர்களை நான் ஊக்குவிப்பதில்லை. அந்த அடுக்கே அவனை மிரட்டிவிடும். அதே ஆசிரியரின் 'பார்த்திபன் கனவு' ஒரே நூலில் அடங்குவது. அதை அவன் ஆர்வமாக முடித்தால், வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் முதல் அத்தியாயத்தை மட்டும் காட்டுங்கள். மீதியை வந்தியத்தேவனே பார்த்துக்கொள்வான்.

மூன்றாவது நான்காவது புத்தகத்துக்கு வந்துவிட்டான் என்றால், அவனோடு பெரியவர்களுக்குரிய முறையில் பழகத் தொடங்கலாம். எஸ்.ஈ. ஹிண்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. அது 1967இல் அச்சானபோது 18. வசதியுள்ள பையன்களின் கூட்டத்துக்கும் ஏழைப் பையன்களின் கூட்டத்துக்கும் நடக்கும் மோதலை, பெற்றோரை இழந்து அண்ணன்களோடு வாழும் பதினான்கு வயது போனிபாய் சொல்கிறான். தன் வயதில் ஒருவர் எழுதியது என்ற செய்தியே சிலரைப் புத்தகத்துக்குள் இழுத்துவிடுகிறது. இதே வயதின் கொதிப்பை நம் மொழியில் சொன்ன நாவல், 1982இல் வெளிவந்த பூமணியின் 'வெக்கை'. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு ஓடும் பதினைந்து வயதுச் சிதம்பரமும், மகனைக் காப்பாற்ற அவனோடு காடு மலையெல்லாம் அலையும் அப்பாவும்தான் கதை. 'அசுரன்' திரைப்படத்தை அவன் பார்த்திருக்கக்கூடும், அதன் மூலம் இதுதான். படம் பார்த்த பையன்கள் நாவலில் சண்டையைத் தேடிப் போய், அப்பாவும் மகனும் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மெல்லப் பேசும் இடங்களில் தங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பேசிக்கொள்ளும் ஓர் அப்பாவையும் மகனையும் தமிழ் நாவலில் காண்பது அரிது.

நீளமான எதற்கும் அவன் உடன்படவில்லை என்றால் சிறுகதைகள் போதும். ஜெயமோகனின் 'யானை டாக்டர்', தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு', ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் ஏதேனும் ஒன்று ஆகியவை ஒரே அமர்வில் முடிபவை. 'சிலிர்ப்பு' கதையை வீட்டில் எல்லோருக்குமாக உரக்க வாசியுங்கள். ரயிலில் அப்பாவோடு போகும் சிறுவன், தெரியாத ஊருக்கு வீட்டு வேலைக்காக அனுப்பப்படும் சிறுமியிடம் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிறான், வேறொன்றும் நடப்பதில்லை. பன்னிரண்டும் பதினாறும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கக்கூடிய கதை அது. நீங்கள் கேட்ட பொதுப் பட்டியலில் நான் துணிந்து சேர்க்கும் ஒரே கதையும் அதுதான்.

'நல்ல கருத்துள்ள' கதைகள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் எண்ணம் புரிகிறது, ஆயினும் இந்த அளவுகோலை விடுமுறைக்காவது ஒதுக்கி வையுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். 'புதையல் தீவு' கதையில் ஒற்றைக்கால் கடற்கொள்ளைக்காரன் லாங் ஜான் சில்வர் பொய்யன், கொலைகாரன். ஆனால் சிறுவன் ஜிம்முக்கு அவனைப் பிடித்திருக்கிறது, வாசிப்பவருக்கும் பிடித்துவிடுகிறது. ஒரு கெட்டவனை எனக்கு ஏன் பிடிக்கிறது என்று பிள்ளை தனக்குள் குழம்பும் அந்த நேரம், பத்து நீதிக்கதைகள் தராத பழக்கத்தைத் தருகிறது. வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டால் கதை மறுபடியும் பாடமாகிவிடும். "யார்மேல் உனக்குக் கோபம் வந்தது?" என்று கேளுங்கள்; அதற்கு எல்லாப் பிள்ளைகளிடமும் பதில் இருக்கிறது.

மரணம், வன்முறை பற்றி. கதையில் மரணம் வருகிறதா என்பதைவிட, அந்த மரணம் எப்படிக் காட்டப்படுகிறது, அதற்குப் பிறகு பிள்ளையோடு யார் இருக்கிறார்கள் என்பதையே நான் பார்ப்பேன். லோயிஸ் லோரியின் இரண்டு நாவல்களை வைத்து இதைச் சொல்கிறேன். 1989இல் வந்த 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நாஜிகள் ஆக்கிரமித்திருந்த டென்மார்க்கில், 1943இல் நடக்கிறது. நள்ளிரவில் சிப்பாய்கள் வீட்டுக்குள் வரும்போது, யூதத் தோழி எல்லனின் கழுத்திலிருக்கும் நட்சத்திரச் சங்கிலியைப் பத்து வயது அன்னமாரி இழுத்து அறுத்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள். அவர்கள் போன பிறகு கையைத் திறந்தால் நட்சத்திரம் தோலில் பதிந்திருக்கிறது. பயங்கரம் முழுவதும் அந்த ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் மகள் இதைத் தாராளமாக வாசிக்கலாம். அதே ஆசிரியர் 1993இல் எழுதிய 'தி கிவர்' நாவலின் நாயகனுக்கும் உங்கள் மகள் வயதுதான். ஆனால் நோயும் துயரமும் இல்லாததாகத் தோன்றும் அந்தச் சமூகத்தில், பிறந்த குழந்தை ஒன்றுக்கு நாயகனின் அப்பா செய்யும் காரியம் பெரியவர்களையே உலுக்கிவிடும். அதை அண்ணன் இப்போது வாசிக்கட்டும். தங்கை ஓராண்டு கழித்து, வீட்டில் ஏற்கெனவே வாசித்த ஒருவர் இருக்கும்போது வாசிக்கலாம். மரணமே கதைசொல்லியாக வரும் மார்க்கஸ் ஸூசாக்கின் 'தி புக் தீஃப்', கட்டாயத் திருமணமும் அதன் கொடுமையும் வரும் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' ஆகியவையோ பதினான்குக்கு மேல்தான். தனக்கு மிகையாகப் படும் பகுதியைப் பிள்ளைகள் பெரும்பாலும் தாமே தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டுவது தவறல்ல என்று முன்பே சொல்லி வையுங்கள்.

தினம் இத்தனை பக்கம் என்ற விதி வேண்டாம், புத்தகத்துக்கு இவ்வளவு என்று பரிசும் வேண்டாம். விதி வைத்தால் பிள்ளைகளின் கண் கதையை விட்டுப் பக்க எண்ணுக்குப் போய்விடும். அமெரிக்காவில் ரிச்சர்டு ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃப்ரான்சனும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடைகளில், ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் வீதம் கொடுத்தார்கள். அப்படிப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான் நான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வது. நூலகத்துக்கு அழைத்துப் போய் ஆளுக்கு ஐந்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டை நீங்கள் பரிந்துரைக்கலாம், மூன்று அவர்கள் விருப்பம். முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் திருப்பிவிடலாம். அவர்கள் எடுக்கும் மூன்றில் சித்திரக்கதை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். ஒலிப்புத்தகமாகக் கேட்டாலும் அது வாசிப்புக் கணக்கில்தான் சேரும். பள்ளிப் பட்டியலிலிருந்து, இருப்பதில் வெறுப்புக் குறைவான இரண்டை அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் நாவலைத் தள்ளிவிடுவதற்குப் பெரும்பாலும் வேகக் குறைவுதான் காரணம், விருப்பமின்மை அல்ல. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் புரட்டும் நேரத்தில் தமிழில் ஒரு பத்தி மட்டுமே நகர்ந்தால் கதையின் சூடு ஆறிவிடும். முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்கள் உரக்க வாசித்துப் பாத்திரங்களின் பெயர்களையும் பேச்சையும் காதில் ஏற்றிவிட்டால், மூன்றாவதிலிருந்து கண் தானாக வேகம் பிடிக்கும். கரிசல் வட்டார வழக்கில் எழுதப்பட்ட 'வெக்கை'க்கு இது மிகவும் அவசியம்.

கடைசிக் கேள்வி, எல்லாவற்றையும் நீங்கள் முதலில் படித்துப் பார்க்க வேண்டுமா என்பது. வேண்டியதில்லை, அப்படிச் செய்தால் விடுமுறை முடிந்துவிடும், பிள்ளைகளுக்கும் தணிக்கை செய்யப்பட்டதை வாசிக்கிற உணர்வு வரும். மூன்றை மட்டும் படித்துவிடுங்கள். 'வெக்கை', 'தி கிவர்' இரண்டும் மகனுக்காக. அவன் முடித்ததும் பேச ஓர் ஆள் வேண்டும். மூன்றாவது, தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல், அளவில் சிறியது, கதையாகவே நகர்வது. அதை மகளிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் வாசித்திருக்க வேண்டும், வாசித்திருக்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும்.